சுமாரானதை எடுத்துட்டுப் போங்க

அந்த வீட்டில் அவளுக்கு வைத்திருந்த பெயர் வாயில்லாப்பூச்சி. வைத்தவர் கணவனின் அண்ணன், கடைத்தெருவில் கறிக்கடை நடத்துகிறவர். கல்யாணமாகி வந்த புதிதில், எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாளே என்று கேலியாக வைத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டுமே.

வாய்தான் இல்லை, கண் இருந்தது. சட்டைத் தொழிற்சாலையில் பித்தான் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. வரிசையாக நகர்ந்து வரும் சட்டைகளில் எதில் பித்தான் கோணல் என்று கை போவதற்கு முன்னால் கண் போய்விடும். ஒரு நாள் காலையில் போனபோது தொழிற்சாலைக் கதவில் பூட்டுத் தொங்கியது. கணக்கு முடித்துக் கையில் கொடுத்ததை முடிந்துகொண்டு வந்தவள், அதன்பிறகு வீட்டுக்குப் பின்னால் கிடந்த தரிசையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முள்ளும் புல்லுமாக மண்டிக் கிடந்த நிலம். கணவனுக்குப் பாதி, அண்ணனுக்குப் பாதி. யாரும் அளந்து பிரித்ததில்லை. பிரித்துச் சண்டை போடும் அளவுக்கு அதில் ஒன்றும் விளைந்ததுமில்லை.

"ஆடு வளக்கலாம்னு இருக்கேன்," என்றாள் கணவனிடம்.

அவன் சாமான் வண்டி ஓட்டுகிறவன். நிலைக்கதவில் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "நம்ம வீட்ல ஒரு ரோஜாச் செடி உயிரோட இருந்ததில்ல," என்றான்.

"செடிக்குப் பசிச்சா தெரியாது. ஆடு கத்தும்."

"உனக்கும் ஆட்டுக்கும் அங்கதான் வித்தியாசம்," என்று அவன் சிரித்தான். சிரித்தானே தவிர, மறுநாள் வண்டியில் மூங்கில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

கறிக்கடை மூத்தாருக்கு, கணவனின் அண்ணனுக்கு, செய்தி போனது. அவர் வந்து தரிசைச் சுற்றிப் பார்த்தார். "கடைக்குப் பக்கத்துலயே பண்ணை. பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி. என் பாதியையும் சேத்து எடுத்துக்கம்மா. ஆடு மட்டும் வேற எங்கயும் போகக் கூடாது, நம்ம கடைக்குத்தான்," என்றார்.

அவள் வழக்கம்போலத் தலையை ஆட்டினாள். பின்னால் வந்த வம்பெல்லாம் அந்தத் தலையாட்டலில் தொடங்கியதுதான்.

அந்தப் பக்கத்தில் எல்லாரும் வளர்த்தது கம்பளி ஆடு. கத்தரிக்க வருகிறவன் கேட்கிற கூலி, கம்பளி விற்கிற விலையை விழுங்கிவிடும். கத்தரிக்காமல் விட்டால் வெயிலில் ஆடு நாக்கைத் தள்ளும். சந்தையின் கடைசி மூலையில் வேறு ஜாதிச் செம்மறி நிற்பதை அவள் பார்த்து வைத்திருந்தாள். அதற்குக் கம்பளி கிடையாது. கன்றுக்குட்டிக்கு இருப்பதுபோலக் குட்டை முடிதான். குளிருக்குக் கொஞ்சம் அடர்த்தியாகப் போட்டுக்கொள்ளும், வெயில் ஏறினால் தானே உதிர்த்துவிடும். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற பிராணி. அதுதான் அவளுக்குப் பிடித்தது.

வியாபாரி அவளைப் பார்த்ததும் கொழுகொழுவென்று நின்ற ஓர் ஆட்டின் முதுகில் தட்டினான். "அக்கா, இதைப் பாருங்க. உருண்டு திரண்டு நிக்குது."

அவள் கீழே குந்தி உட்கார்ந்தாள். பல்லைப் பார்த்தாள். குளம்பைத் தூக்கிப் பார்த்தாள். பின்னங்கால் நடுவே குனிந்து மடியைப் பார்த்தாள். "இது குட்டியே போட்டதில்லையா?" என்று கேட்டாள்.

"ஏன்க்கா?"

"பால் குடுத்த உடம்பு இப்படியா இருக்கும்?"

பக்கத்தில் எலும்பு தெரிய நின்ற ஆட்டைத்தான் அவள் தொட்டாள். இரண்டு காம்பும் ஒரே அளவில் இருந்தன. இரண்டு குட்டி குடித்த மடி. இப்போதும் சினை. அதே மாதிரி ஒல்லிகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். வெள்ளாட்டிலும் அப்படியே. வியாபாரி கணவனிடம் திரும்பினான். "அண்ணே, அக்கா பேச மாட்டாங்கன்னு சொன்னீங்க."

"வீட்ல பேச மாட்டா. இங்க எதுக்குப் பேசுறான்னு நானும் பாத்துட்டிருக்கேன்."

தெரு வழியாக ஆடுகளை ஓட்டி வந்தபோது, அடுத்த வீட்டு இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். "என்னடி இது, எலும்புக்கூடுங்க ஊர்வலமா? ஆஸ்பத்திரியில இருந்து ஓட்டிட்டு வரியா?"

அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

பண்ணை தொடங்கிய முதல் வருஷத்தைப் பண்ணை என்று சொன்னால் மற்ற பண்ணைகளுக்குக் கோபம் வரும். செம்மறி சொன்னபடி கேட்டது. வெள்ளாடு ஒரு சொல் கேட்கவில்லை. அதிலும் தாடி வைத்த ஒரு பெட்டை, எதைச் சொன்னாலும் எதிர்த்துக் கத்தும். எந்தத் தாழ்ப்பாளையும் உதட்டால் நெம்பித் திறக்கும். பள்ளிக்கூடம் போகிற மகள் அதற்கு வக்கீல் என்று பெயர் வைத்தாள். ஆனால் செம்மறி தொடாத முள்ளையெல்லாம் தின்று தரிசைச் சுத்தமாக்கிக் கொடுத்ததும் வக்கீலும் அதன் கூட்டமும்தான். கேஸ் நடத்துகிற வாய்க்கு வேலையும் வேண்டுமே.

குட்டிகள் பிறந்தன. ஒரு செம்மறி மூன்று போட்டது. காம்பு இரண்டுதான். முந்திய இரண்டும் பிடித்துக்கொண்டன. மூன்றாவது, ஒரு கிடாக்குட்டி, வைக்கோலில் ஈரத் துணிபோலக் கிடந்தது. அவள் அதை முந்தானையில் சுருட்டி அடுப்படிக்கு எடுத்து வந்தாள். பாட்டிலில் பால் கொடுத்தாள். அதற்குப் பெயரும் அதுவே ஆகிவிட்டது: மூணாவது.

மூணாவது வீட்டுக்குள்தான் வளர்ந்தது. அவள் பாத்திரம் தேய்த்தால் காலடியில் படுக்கும். கணவன் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை எட்டிப் பார்க்கும். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவாள். அது முன்னங்காலை ஊன்றித் திருப்பித் தள்ளும். வீடே சிரிக்கும். கணவன் தள்ளுவான், அவளும் தள்ளுவாள். வந்துபோகிறவர்களுக்கெல்லாம் அந்த வேடிக்கையைக் காட்டுவார்கள். இஸ்திரிக்காரி கூட மதில்மேல் கையை நீட்டித் தள்ளிவிட்டுப் போவாள்.

குட்டிகள் பால் மறந்து, புல்லில் தேறி நின்ற சமயத்தில் மூத்தார் வந்தார். கயிற்றைத் தோளில் போட்டிருந்தார். ஒவ்வொரு குட்டியாகப் பிடித்து, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை ஓட்டினார். அந்த விரலுக்குத் தோலுக்குக் கீழே இருப்பதெல்லாம் தெரியும். நீளமுதுகும் அகல நெஞ்சுமாக இருந்தவற்றைத் தனியே ஒதுக்கினார். அதில் மூணாவதும் இருந்தது.

"இதுங்களை ஓட்டிட்டுப் போறேன். மீதி நிக்கட்டும்."

அந்த ஊரில் எல்லாரும் செய்கிற முறைதான் அது. நல்லது கடைக்கு, எஞ்சியது தொழுவத்தில் நின்று அடுத்த குட்டி போடும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். ஏன் ஊர் ஆடெல்லாம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கி வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. கோணல் பித்தானைச் சட்டையில் விட்டுவிட்டு நேரான பித்தானைப் பிய்த்துப் போடுகிற வேலையாக அவளுக்குத் தெரிந்தது.

"மாட்டேன்," என்றாள்.

மூத்தார் சுற்றுமுற்றும் பார்த்தார், வேறு யாரோ பேசியதுபோல.

"என்னம்மா சொன்ன?"

"நீங்க ஒதுக்கினது இங்க நிக்கட்டும் மாமா. சுமாரானதை எடுத்துட்டுப் போங்க."

"சுமாரானதையா? கடையில தொங்கவிட்டா என் மூஞ்சி என்னாகும்?"

"நல்லதை இன்னைக்கு வெட்டினா, அடுத்த வருஷம் சுமாரானதோட குட்டிதான் உங்களுக்கு வரும். அதுக்கு அடுத்த வருஷம் அதோட குட்டி. நல்லதோட குட்டி எனக்கு வேணும்."

"டேய் தம்பி," என்று அவர் கணவனைக் கூப்பிட்டார். "வாயில்லாப்பூச்சிக்கு எப்போடா வாய் முளைச்சது?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும்ணே," என்றான் அவன்.

மூத்தார் கயிற்றைத் தோளிலேயே வைத்துக்கொண்டு போனார். மறுநாள் ஆள் வைத்து நிலத்தை அளந்தார். சரிபாதியில் கல் நட்டு, முள்கம்பி இழுத்தார். கம்பி தொழுவத்தின் குறுக்கே போனது. தண்ணீர்க் குழாய் அவர் பக்கம். தவிட்டு மூட்டை வைத்திருந்த நிழல் அவர் பக்கம். பிடிவாதத்துக்கு வக்கீலின் கழுத்து அவர் பக்கமும் வால் இவர்கள் பக்கமுமாக நின்றது.

"என் பாதியில எனக்கு ஆகாத ஆடு நிக்கக் கூடாது," என்று சொல்லி அனுப்பினார்.

அவள் தொழுவத்தைப் பிரித்துத் தன் பாதியில் நெருக்கிக் கட்டினாள். தெருக்கோடியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தாள். வெயில் காலம் வந்தது. செம்மறிகள் முடியை உதிர்க்கத் தொடங்கின. கிழிந்த மெத்தைபோல முதுகிலும் தொடையிலும் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. முள்கம்பியில் முடி, துணிக்கொடியில் முடி, மகளின் சாப்பாட்டு டப்பாவில் முடி.

"சொறி புடிச்சிருச்சு," என்று இஸ்திரிக்காரி தெரு முழுக்கச் சொன்னாள். "நான் தேய்ச்சு வெக்கிற சட்டைக்கெல்லாம் ரோமம் முளைக்குது."

"தானா கொட்டும். தானா முளைக்கும்."

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைச்சாரு. கொட்டினது கொட்டினதுதான்."

மாதம் திரும்புவதற்குள் ஆடுகள் பளபளவென்று நின்றன. இஸ்திரிக்காரி மதிலில் தாடையை ஊன்றி வெகுநேரம் பார்த்துவிட்டு, உள்ளே போனாள். எல்லாவற்றிலும் சுத்தமாக உதிர்த்தது மூணாவது. ஒரு கொத்துகூட மிச்சமில்லை. வாலிலிருந்து தோள்வரை ஒரே வார்ப்பு. அதுதான் இனி இந்தப் பண்ணையின் கிடா என்று அவள் முடிவு செய்துகொண்டாள். சொந்த ரத்தத்தோடு சேரக் கூடாது என்று அதன் தாயையும் கூடப்பிறந்தவற்றையும் பிரித்து வக்கீலின் கூட்டத்தோடு கட்டினாள். மற்றவற்றோடு அதைச் சேர்த்து விட்டாள்.

ஒரு சாயங்காலம் கணவன் தண்ணீர் வாளியோடு உள்ளே போனான். வாளியை வைக்கக் குனிந்தான். பின்னாலிருந்து மூணாவது ஓடி வந்தது.

சத்தம் கேட்டு அவள் ஓடியபோது அவன் மண்ணில் கிடந்தான். முழங்கால் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. கிடா பின்வாங்கி, தலையைத் தாழ்த்தி, மறுபடி வரத் தயாராக நின்றது. அவள் வாளியை முன்னால் பிடித்துக்கொண்டு அவனை இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவர், "எந்த வண்டி மோதிச்சு?" என்று கேட்டார்.

"பாட்டில்ல பால் குடுத்து வளத்த வண்டி," என்றான் கணவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்றிரவே மூத்தார் வந்திருப்பார். தம்பிக்கு வலி அடங்கட்டும் என்று மறுநாள் வரை பொறுத்தார். வரும்போது கயிறும் வந்தது. தம்பி கட்டிலில் கிடப்பதைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இப்பவாச்சும் குடுத்துடு," என்றார். குரலில் கேலி இல்லை. "மனுஷனை அடிச்ச கிடாவை எவனும் வெச்சுக்க மாட்டான்."

கணவனும் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன் சொல்றதும் சரின்னுதான் தோணுது," என்றான்.

அவள் பின்பக்கம் போய் வேலியோரம் நின்றாள். தாயிடம் குடித்து வளர்ந்த ஆடுகள் ஆளைக் கண்டதும் ஒதுங்கிப் போயின. மூணாவது மட்டும் நேராக வந்தது. அந்தப் பக்கம் இரண்டு குட்டிகள் நெற்றியோடு நெற்றி வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தன, யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்ள. அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அந்தக் கையைத்தான் தினமும் அதன் நெற்றியில் வைத்தாள். கை வைத்துத் தள்ளினால் ஆட்டுக்கு என்ன அர்த்தம்? வா, மோதிப் பார் என்று அர்த்தம். வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து தினமும் சண்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு நாள் வந்துவிட்டது.

உள்ளே வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கணவனின் கட்டுப்போட்ட காலில் கை வைத்தாள்.

"இந்தக் காலை உடைச்சது நான். கிடா இல்ல. அதோட நெத்தியில கை வெச்சுப் பழக்கினது நான்தான். வளப்புல வந்த கோணல் இது, ரத்தத்துல வந்தது இல்ல. தாய்கிட்ட வளர்ற குட்டிக்கு இது வராது."

"வந்தா?" என்றார் மூத்தார்.

அவள் எழுந்தாள். ஜன்னல் வழியே மதில்மேல் இஸ்திரிக்காரியின் தலை தெரிந்தது. தெரியட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தியே சொன்னாள். "இதோட குட்டிங்க பொறந்து தேறட்டும். நீங்களே வந்து உங்க விரலால பாருங்க. தாயைவிட ஒசத்தியா இல்லேன்னா, இல்ல ஒரு குட்டியாச்சும் ஆளு மேல வந்துச்சுன்னா, இதே கயித்துல நானே இதைக் கட்டி, கடைத்தெரு வழியா நடத்திக் கூட்டிட்டு வரேன். கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கிறதையும் நீங்களே எடுத்துக்கங்க. அதுவரைக்கும் என்னைத் தவிர ஒருத்தரும் அது கிட்ட போக வேணாம்."

மூத்தார் தம்பியைப் பார்த்தார். தம்பி மனைவியைப் பார்த்தான்.

"கயித்தை இங்கயே வெச்சுட்டுப் போண்ணே," என்றான் அவன் கடைசியில். "எதுக்கும் கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும்."

கயிறு தொழுவத்துக் கம்பத்தில் தொங்கியது. அதைப் பார்த்தபடிதான் அவள் அந்தக் காலமெல்லாம் வேலை செய்தாள். கிடாவுக்குத் தனிக்கொட்டில் கட்டினாள். மூன்று பக்கம் மரம், நான்காவது பக்கம் மூத்தார் இழுத்த முள்கம்பி. உள்ளே போகும்போது பழைய கதவுப் பலகை ஒன்றை முன்னால் பிடித்துக்கொண்டுதான் போவாள். பலகையில் அது மோதும் சத்தம் தெருவுக்கே கேட்கும். "வீட்டுக்காரர் வந்துட்டாரு, கதவைத் திற," என்று இஸ்திரிக்காரி குரல் கொடுப்பாள். கட்டிலில் கிடந்தவன், "நான் இங்கதான் இருக்கேன்," என்பான்.

தண்ணீர் சுமந்து அவள் தோள் காய்த்தது. அவன் வண்டி ஓட்டாத நாள்களில் வீடு எப்படி நடந்தது என்பது அவளுக்கும் வெள்ளாட்டுப் பாலுக்கும்தான் தெரியும். சந்தைக்கு வந்த ஒருவர் கிடா நன்றாயிருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து, கையோடு விலை பேசினார். "இது ஆளை முட்டும். விக்கிறதுக்கில்ல," என்று அவள் திருப்பி அனுப்பினாள்.

குட்டிகள் வந்தன. ஒரு பெட்டைக்குப் பால் போதவில்லை என்றபோது, அவள் அந்தக் குட்டியை அடுப்படிக்குத் தூக்கவில்லை. தொழுவத்திலேயே வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். மகள் தொடக் கை நீட்டினால் ஒரு பார்வைதான். கொஞ்சாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

குட்டிகள் தேறின. மூத்தார் வந்தார். கணவன் கோலூன்றி நொண்டிக்கொண்டு வந்து நின்றான். இஸ்திரிக்காரி மதிலைச் சுற்றி வந்து உள்ளேயே நின்றுகொண்டாள்.

மூத்தார் உள்ளே இறங்கியதும் குட்டிகள் சிதறி ஓடின. ஒன்றுகூட எதிரே வரவில்லை. துரத்திப் பிடிக்க அவருக்கு மூச்சு வாங்கியது. முதல் குட்டியின் முதுகில் கட்டைவிரலை ஓட்டினார். பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். அடுத்தது. அதற்கடுத்தது. அவர் வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும். விரல் அந்தத் தொழிலில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அவள் வாயைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தாள். அது ஒவ்வொரு முதுகிலும் தேவைக்குமேல் கொஞ்ச நேரம் நின்றது.

"எனக்கு எது?" என்று கேட்டார் கடைசியில்.

அவள் மூலையில் அடைத்திருந்தவற்றைக் காட்டினாள். "அதுங்க. சுமாரானது."

அவர் அங்கே போய் ஒன்றைத் தொட்டார். நிமிர்ந்தார். "இது சுமாரா? போன தடவை நான் ஒதுக்கின நல்லதே இப்படி இல்லையேம்மா."

"அதைத்தான் மாமா அன்னைக்குச் சொன்னேன்."

கணவன் கோலால் தரையைத் தட்டிச் சிரித்தான். மூத்தார் கம்பத்திலிருந்த கயிற்றை எடுத்து, சுமாரானவற்றைப் பிணைத்தார். போகும்போது முள்கம்பியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "இதை வேணா எடுத்துடறேன். தண்ணிக்கு எதுக்கு அவ்வளவு தூரம்."

"குழாயை மட்டும் விடுங்க. கம்பி இருக்கட்டும். கிடாவுக்கு நல்ல சுவரு."

அந்தச் சமயத்தில், தாயின் பின்னாலிருந்து ஒரு கிடாக்குட்டி தலையை நீட்டியது. அகன்ற நெற்றி, மூணாவதின் அச்சு. அவர் முகம் மலர்ந்தது. குனிந்து, உள்ளங்கையை விரித்து அதன் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"கையை எடுங்க."

அவள் சொன்னதா என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவரை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை ஆடவில்லை.

மூத்தார் கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குட்டி அவரைக் கண்டு பயந்து, தாயின் வயிற்றுக்குக் கீழே புகுந்துகொண்டது.